கொக்கின் கண்ணாடி

வலைச்சுருளில் கனம் இருக்கும்வரைதான் அது கதவுக்கு முட்டு. இந்தப் பெரிய ஞானம் எனக்கு உதித்தபோது கதவு சாத்திக்கொண்டுவிட்டது. நான் உள்ளே இருந்தேன்.

பால்கனிகளுக்குப் புறா வலை கட்டுவது என் பிழைப்பு. அன்று கிடைத்த வேலை பால்கனி அல்ல. ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் நடுவே, குளியலறைகளுக்குக் காற்று வருவதற்காக விட்ட ஆழமான சந்து. எல்லோரும் அதை டக்ட் என்பார்கள். கழிவுக் குழாய்கள் இறங்கும் இடம். மேல்மாடி நடையிலிருந்து ஒரு சின்ன இரும்புக் கதவு அதற்குள் திறக்கும். கதவைத் தாண்டினால் சுவரை ஒட்டி ஒரு சிமெண்ட் மேடை, ஒரு பிளம்பர் நின்று வேலை பார்க்கிற அகலம். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிகள் அடைத்துக்கொண்டிருந்ததால் மேலிருந்து வேலை செய்ய வழியில்லை. மேடையில் நின்று, இடுப்புப் பெல்ட்டைக் குழாயில் மாட்டிக்கொண்டு, கையைத் தலைக்கு மேல் தூக்கித் தூக்கித்தான் டக்டின் வாயை மூட வேண்டும்.

கதவுக்குச் சாவித்துளை வெளியில் மட்டும். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் ரகம். அதனால் கனமான வலைச்சுருளைக் கதவிடுக்கில் முட்டுக் கொடுத்துவிட்டு, அதிலிருந்தே வலையை உருவி உருவிக் கட்டிக்கொண்டு வந்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு வேறு. வலை மேலே ஏற ஏறச் சுருள் இளைத்தது. கடைசி முழத்தை இழுத்தேன், வெறும் அட்டைக் குழல் உருண்டது, பின்னால் டமார் என்று சத்தம். வியர்வைக்காகக் கழற்றிய சட்டை நடையில், செல்போன் சட்டையில், தலைக்கு மேல் நான் கட்டிய வலை, நடுவில் நான்.

திடுக்கிட்டுத் திரும்பினதில் மூக்கில் வழுக்கிக்கொண்டிருந்த கண்ணாடியும் போனது. குழாய் குழாயாகத் தட்டிக்கொண்டே அது கீழே போய்ச் சேர்ந்த சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது. கண்ணாடி இல்லாவிட்டால் நான் பாதி ஆள். என் கையே எனக்குக் கலங்கித்தான் தெரியும்.

கூச்சல் போட்டேன். வேலை நாள், மத்தியான நேரம், எல்லோரும் வெளியே. ஆனால் மேடையை ஒட்டி என் நெஞ்சு உயரத்தில் இருந்த கண்ணாடிப் பட்டை ஜன்னலுக்கு உள்ளே ஒருவர் இருப்பார் என்று எனக்குத் தெரியும். அந்த ஜன்னலை எனக்கு நன்றாகவே தெரியும். அதன் உள்பக்கம் எத்தனையோ சாயங்காலம் நின்றிருக்கிறேன். அது கொக்கின் வீட்டுக் குளியலறை.

கொக்கு என் சிநேகிதன். நெட்டைக் கழுத்து, குச்சிக் கால், அதனால் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். ஒரு வருஷம் கூடுதலாக அதே வகுப்பில் உட்கார்ந்து எனக்குக் கூட்டாளியானவன். ஜன்னலோரம் அவனுக்குத்தான் இடம். பாடத்தைத் தவிர எல்லாவற்றையும் பார்ப்பான்.

"டேய் குருவி, கம்பியில பாரு, நீலமா ஒண்ணு உக்காந்திருக்கு" என்பான். குருவி அவன் எனக்கு வைத்த பெயர்.

"எந்தக் கம்பி?" என்பேன்.

அவன் சலித்துக்கொள்ள மாட்டான். முதுகு எந்த நிறம், அலகு எவ்வளவு, இப்போது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று என் காதில் சொல்லிக்கொண்டே இருப்பான். எனக்குக் கம்பியே தெரியாது. உலகம் எல்லோருக்கும் இப்படித்தான் கலங்கலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவனுக்குப் பொறி தட்டியது. தன் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டினான். கம்பி தெரிந்தது. கம்பிமேல் ஒரு மீன்கொத்தி. அதற்கு ஓரம் இருந்தது. ஒவ்வொரு இறகுக்கும் ஓரம் இருந்தது. நான் வகுப்பிலேயே ஓவென்று அழுதுவிட்டேன்.

"உனக்கும் எனக்கும் ஒரே பவர்டா. நீயே வச்சுக்க" என்றான். வீட்டில் தொலைத்துவிட்டேன் என்று சொல்லி முதுகில் வாங்கிக்கொண்டான்.

பிறகு கண்ணாடிக் கடை வைத்தான். கடை என்றா சொல்வது, தர்மசாலை. அவனிடம் இருக்கும் ஒரு பொருளை நன்றாக இருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், பொட்டலம் கட்டிக் கையில் திணித்துவிடுவான். ஒரு முறை அவன் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பாராட்டித் தொலைத்தேன். அதை மடியில் வைத்துக்கொண்டுதான் பஸ்ஸில் வந்தேன், பஸ் முழுக்க என்னிடம் மணி கேட்டது. அதன்பிறகு அவன் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், என் வீட்டுக்கு எப்போது வந்தாலும் என்னைப் பார்க்காமல் அந்தக் கடிகாரத்தையே பார்ப்பார். வீட்டில் புதுத் தம்ளர் வாங்கினால் விருந்தாளி கண்ணில் படாமல் ஒளித்துவைக்கிற நிலைமை அவருக்கு.

நான் வேலை பார்த்த ஆலையை மூடினபோது இந்த வலை வேலையை வாங்கிக் கொடுத்ததும் கொக்குதான். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "பறவைய ரசிக்கிறவனப் போயி வலை கட்டச் சொல்றியே, உனக்கு மூளை இருக்கா?" என்று கத்தினேன்.

"உன்னை மாதிரி ஆளுதான் அங்க இருக்கணும். உள்ள பறவை இருந்தா நீ மூட மாட்ட" என்றான்.

அந்த ஒரு வார்த்தையில்தான் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன். அவன் போய் மூன்று மாதம் ஆகிறது.

"அண்ணி! அண்ணி!" என்று ஜன்னலைத் தட்டினேன்.

பட்டைகள் கொஞ்சம் சாய்ந்தன. "யாரு? தம்பியா? அங்க நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க?"

"மாட்டிக்கிட்டேன் அண்ணி."

"எதுல?"

"என் வலையிலதான்."

உள்ளே மூக்கால் ஒரு சிரிப்பு. "அவரு இருந்திருந்தா இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருஷம் ஓட்டியிருப்பாரு."

போய்க் கதவைப் பார்த்துவிட்டு வந்தார். சாவி குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் மட்டும்தான் இருக்கிறதாம், காலையில் எனக்குத் திறந்துவிட்டவர் அதோடு வெளியூர் போய்விட்டாராம். போனில் பேசினார். "கதவை உடைக்கக் கூடாதாம். இப்பதான் பெயிண்ட் அடிச்சாங்களாம். பொழுது சாயறதுக்குள்ள வந்துடுவாராம். தீயணைப்பு ஆளுங்களைக் கூப்பிடட்டுமா?"

"வேணாம் அண்ணி. நாளைக்குப் பேப்பர்ல போட்டோ வரும். எங்க முதலாளி மானம் கப்பலேறிடும்."

அவர் ஒரு கண்ணாடிப் பட்டையை உருவி எடுத்தார். ஒரு கை நுழையும் சந்து கிடைத்தது. அதன் வழியாகத் தண்ணீர் வந்தது, பிஸ்கட் வந்தது, டீ வந்தது. கைதிக்குச் சாப்பாடு போடுவது மாதிரி ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டேன். பிறகு உள்ளே ஒரு வாளியைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. அண்ணி அதன்மேல் உட்கார்ந்தார். அது கொக்கின் வாளி. எதிர்ச் சுவரில், என் இடுப்பு உயரத்தில், பழைய காற்றாடியைக் கழற்றின பொந்து ஒன்று உண்டு. அதில் ஒரு ஜோடி கூகை வருஷா வருஷம் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். அந்த வாளியில் உட்கார்ந்துதான் கொக்கு அதைப் பார்ப்பான். ஆந்தை என்று யாராவது சொன்னால் கோபம் வந்துவிடும். "ஆந்தை வேற, கூகை வேற. உங்களை உங்க அண்ணன் பேரு சொல்லிக் கூப்பிட்டா விடுவீங்களா?" என்று சண்டைக்குப் போவான். குளியலறை விளக்கைப் போட விட மாட்டான். அண்ணி இருட்டிலேயே குளித்து எழுந்த வருஷங்கள் அவை.

காலையில் வேலை ஆரம்பிக்கும் முன் அண்ணியிடம் கேட்டுத்தான் இறங்கினேன். "அதெல்லாம் போயிடுச்சு தம்பி. அவரோட சேந்து அதுவும் போயிடுச்சு" என்றார். இருந்தாலும் தொழில் முறைப்படி கைதட்டினேன். வலை கட்டும் எல்லோரும் மூடுவதற்கு முன் கைதட்டுவோம், உள்ளே புறா இருந்தால் சடசடவென்று வெளியேறிவிடும். தட்டினேன். ஒன்றும் வரவில்லை. மூடினேன்.

வெயில் சுவரில் ஏறி மறைந்தது. மேடையில் காலை மடக்கி உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. சுவர் சூடு முதுகைச் சுட்டது, கீழேயிருந்து சாக்கடை நாற்றம் ஏறியது. மேலே பார்த்தால் வானம் ஒரு வெளிறின சதுரம். கொட்டாவி விட்டாலும் எதிரொலித்தது. ஒரு பறவைக்குக் கூண்டு எப்படி இருக்கும் என்று அத்தனை வருஷம் கொக்கும் நானும் பேசியிருக்கிறோம். வாயால் பேசுவது எவ்வளவு சுலபம்.

அண்ணியும் எழுந்து போகவில்லை. பேச எங்களுக்கு இருந்த ஒரே விஷயம் அவன்தான், அவனைப் பற்றி அவர் பேசவில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. ஆழமாக, இழுத்து இழுத்து, கரகரவென்று ஒரு குறட்டை. யாரோ பெரிய ஆள் மல்லாந்து படுத்துத் தூங்குகிற மாதிரி.

கூகைக் குஞ்சு பசித்தால் இப்படித்தான் கூப்பிடும். கைதட்டினால் அது பறக்காது, தரையோடு தரையாகப் படுத்து மூச்சை அடக்கிக்கொள்ளும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே கொக்குதான். புறாவோடு பழகிப் பழகி என் புத்தியும் புறாப் புத்தியாகிவிட்டது.

"அண்ணி, குஞ்சு இருக்கு" என்றேன். "உள்ள குஞ்சு இருக்கு. பெரியது ரெண்டும் வெளிய இருக்கு. நான் மூடிட்டேன் அண்ணி."

உள்ளே வாளி கிரீச்சிட்டது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"போயிடுச்சுன்னு சொன்னீங்களே!"

"பொய்தான் சொன்னேன். வலை போடணும்னு சங்கத்துல எழுதிக் குடுத்ததே நான்தான்." குரல் உடைந்தது. "அவரு குறட்டை மாதிரியே இருக்கு தம்பி. முப்பது வருஷமா அந்தச் சத்தத்துல தூங்கினவ நான். அன்னிக்கு ராத்திரி அது நின்னுபோச்சு. அதனாலதான் எனக்கு முழிப்பே வந்துச்சு. தொட்டுப் பாத்தேன், ஜில்லுன்னு இருந்தாரு. இப்ப தினம் விளக்கணைச்சா இந்தப் பக்கத்துலேர்ந்து அதே சத்தம். எழுந்து வந்து பாத்தா யாரும் இல்ல. எத்தனை நாளைக்குத்தான் எழுந்து எழுந்து வருவேன்?"

நல்லவர்கள் செத்தால் வீட்டில் இருப்பவர்களுக்கு இப்படி ஒரு தண்டனை. ஊருக்கெல்லாம் வாரிக் கொடுத்தவன் இந்த அம்மாளுக்கு ஒரு குறட்டையை மட்டும் விட்டுப் போயிருக்கிறான் என்று எனக்கு அவன்மேல் கோபம்கூட வந்தது.

வெளிச்சம் மங்கியது. தலைக்கு மேல் ஒரு வெள்ளை நிழல் சத்தமில்லாமல் கடந்தது. திரும்பி வந்தது. வலையில் மோதியது. வலையை மாட்டிய இரும்புக் கொக்கிகள் கிணுகிணுவென்று ஆடின. பொந்துக்குள் குறட்டை உச்சத்துக்குப் போனது. மறுபடி மோதியது.

"என்ன அது?" என்றார் அண்ணி.

"ஆத்தாக்காரி. இரை கொண்டு வந்திருக்கா. நான் கட்டின வலை நல்லாவே தாங்குது அண்ணி, அஞ்சு வருஷம் உத்தரவாதம்."

இடுப்புப் பையில் கட்டர் இருந்தது. வெட்டிவிடலாம். ஆனால் கண்ணாடியில்லாமல் எனக்கு அந்த மெல்லிய நைலான் நூல் தெரியவே தெரியாது. குத்துமதிப்பாக வெட்டினால் நூல் வளையம் வளையமாகத் தொங்கும். அதில் கூகையின் சிறகு சிக்கினால் குஞ்சோடு தாயும் காலி. வாசல் மாதிரி சுத்தமாக வெட்டி, ஓரத்தை மடித்துக் கட்ட வேண்டும். இன்னொன்றும் மனசில் ஓடாமல் இல்லை. முடித்த வலையை வெட்டினேன் என்று தெரிந்தால் முதலாளி அன்றைக்கே சீட்டைக் கிழித்துவிடுவார். இந்த வலிக்கிற முழங்காலை வைத்துக்கொண்டு இந்த வயதில் யார் எனக்கு வேலை கொடுப்பார்கள்?

உள்ள பறவை இருந்தா நீ மூட மாட்ட. காதுக்குள் அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். செத்தும் வாயை மூட மாட்டான்.

"அண்ணி, அவன் கண்ணாடி இருக்கா? எங்க ரெண்டு பேருக்கும் ஒரே பவர்."

வாளி நகரும் சத்தம் கேட்டது. ஆனால் அவர் போகவில்லை.

"அண்ணி?"

"எல்லாத்தையும் குடுத்தாரு தம்பி. சட்டையக் குடுத்தாரு, சைக்கிளைக் குடுத்தாரு, என் வீட்டுக் கடிகாரத்தைக் குடுத்தாரு. செத்ததும் கண்ணையும் எடுத்துக்கச் சொல்லி எழுதிக் குடுத்துட்டாரு, அன்னிக்கே வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. அந்தக் கண்ணாடி ஒண்ணுதான் யாருக்கும் போகாம எங்கிட்ட இருக்கு. தலையணைக்கு அடியில வச்சிருக்கேன்."

வலை மறுபடி கிணுகிணுத்தது. கேட்டதே தப்பு என்று நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். காலடிச் சத்தம் போனது, ரொம்ப நேரம் வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டார் என்றே முடிவு கட்டினேன்.

பிறகு சந்தில் அவர் கை வந்தது. கையில் கண்ணாடி.

"வேலை முடிஞ்சதும் திருப்பிக் குடுத்துடணும்."

"குடுத்துடறேன்."

"அவரு மாதிரி பேசாதீங்க, அவரு குடுத்துடறேன்னா ஊருக்குக் குடுக்கறதுதான். சத்தியமா குடுக்கணும்."

"சத்தியமா அண்ணி."

மாட்டினேன். வகுப்பறையில் நடந்தது அப்படியே மறுபடி நடந்தது. நூலுக்கு ஓரம் வந்தது. முடிச்சுக்கு ஓரம் வந்தது. காதுக்குப் பின்னால் கம்பி அவன் தலைக்கு வளைந்த வளைவிலேயே இருந்தது, அது என்னைப் பிடித்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் நிறைந்து மறுபடி எல்லாம் கலங்கிவிடுமோ என்று பயந்து, அவனை நாலு கெட்ட வார்த்தை திட்டிக்கொண்டே வேலையைப் பார்த்தேன். குழாயைப் பிடித்து எட்டி, பொந்துக்கு நேர் மேலே வெட்டினேன். ஓரத்தை மடித்து ஓரக் கயிற்றோடு சேர்த்துக் கட்டினேன். வலை கட்டப் பழகின இத்தனை காலத்தில் வலையில் நான் போட்ட முதல் வாசல். நன்றாகவே வந்திருந்தது.

"ஆச்சு" என்றேன். "செயலாளருக்குத்தான் என்ன பதில் சொல்றதுன்னு தெரியல."

"கேட்டவ நான். வேணாம்னு சொல்றவளும் நான்தான். அவரை நான் பாத்துக்கறேன். உங்க முதலாளியை என்ன பண்ணுவீங்க?"

"தெரியல அண்ணி."

மேடையின் மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தேன். அசைந்தால் கூகை வராது. இனி ஆடாமல் அசையாமல் காத்திருக்க வேண்டும், இத்தனை வருஷம் கழித்து அது இறங்கி வருவதை இவ்வளவு பக்கத்திலிருந்து பார்க்கப்போகிறேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

சந்தில் கை நீண்டது. வெறுங்கை, உள்ளங்கை மேலே பார்க்க.

"கண்ணாடி" என்றார் அண்ணி.

இன்னும் கொஞ்ச நேரம் என்று கேட்டிருக்கலாம். கொக்காக இருந்தால் கேட்பதற்கு முன்பே கொடுத்திருப்பான். ஆனால் அந்தக் கை இதுவரை யாரிடமும் எதையும் திருப்பிக் கேட்டதில்லை. கழற்றி அதில் வைத்தேன். விரல்கள் மூடிக்கொண்டன. உலகம் மறுபடி கலங்கலாகியது. சுவர் எது, வானம் எது என்று தெரியவில்லை. நான் இருந்த கிணறு இன்னும் சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது.

மேலே காற்று லேசாக அசைந்தது. வெள்ளையாக ஏதோ ஒன்று கரைந்தபடி இறங்கியது.

"வந்துடுச்சா?" என்றேன்.

"உஸ். சத்தம் போடாதீங்க." அண்ணியின் வாய் சந்துக்குப் பக்கத்தில் வந்தது. "வாசல்ல உக்காந்திருக்கு. சொல்றேன், கேளுங்க. மூஞ்சி வெள்ளை வெளேர்னு இருக்கு தம்பி, வெத்தலை மாதிரி வடிவம். கண்ணு ரெண்டும் கறுப்பு. வாயில எலி. முதுகு பொன்னிறம், அதுல புள்ளி புள்ளியா... இந்தப் பக்கம் திரும்புது. என்னைப் பாக்குது. ஐயோ, என்னையே பாக்குது."

எந்தக் கம்பி என்று கேட்ட பையனாக நான் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொரு இறகும் எனக்குத் தெரிந்தது.

"பொந்துக்குள்ள போகுது. குஞ்சு பிடுங்கித் திங்குது. அவரு இதைத்தான் பாத்துக்கிட்டிருந்தாரா? தினம் இதைத்தானா? ஒரு தடவை என்னைப் பிடிச்சு இழுத்து உக்கார வச்சிருக்கக் கூடாதா?"

அப்போது குறட்டை நின்றது.

குஞ்சின் வாய் நிறைந்துவிட்டது, வேறொன்றுமில்லை. ஆனால் ஜன்னலுக்கு உள்ளே அண்ணியின் பேச்சும் நின்றது. சந்து வழியாக ஒரு கை பாய்ந்து வந்து என் தோளைப் பிடித்தது. நகம் பதிந்தது.

"நின்னுடுச்சு தம்பி. சத்தம் நின்னுடுச்சு."

"சாப்பிடுது அண்ணி. பயப்படாதீங்க."

"நின்னுடுச்சே."

அந்தக் கையை நான் என் கையால் மூடிக்கொண்டேன். அது குளிர்ந்துபோயிருந்தது. டக்டில் ஒரு குழாய்கூடச் சொட்டவில்லை. பெரிய கூகை எங்கள் தலைக்கு மேல் அடுத்த இரைக்காகக் கிளம்பிப் போனது, நான் பார்க்கவில்லை. நடையில் யாரோ சாவிக்கொத்தோடு படியேறி வரும் சத்தம் கேட்டது. கொஞ்சம் இரு என்று அந்த மனிதரை மனசுக்குள் கெஞ்சினேன், இப்போது திறந்துவிடாதே, இன்னும் கொஞ்சம்.

பொந்துக்குள் ஒரு செருமல். பிறகு கரகரவென்று, ஆழமாக, இழுத்து இழுத்து, மறுபடி குறட்டை ஆரம்பித்தது.

அண்ணி அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டார். "இருக்கு" என்றார்.